கடைமடையிலிருந்து தலைக்காவிரி வரை

ஆடி 18: பூம்புகார், கல்லணை, திருவரங்கம்

காவிரி கடலில் கலக்கும் இடத்தில் தொடங்கி, அது பிறக்கும் மலை வரை, ஓட்டத்துக்கு எதிர்த்திசையில், ஆற்றை இயன்றவரை கண்பார்வையிலேயே வைத்துக்கொண்டு வண்டியில் தனியாகச் செல்வதற்குப் புறப்பட்டிருக்கிறேன். ஆற்றின் நீளம் ஏறத்தாழ 800 கிலோமீட்டர். சாலை ஆற்றைவிட்டு விலகியும் சுற்றியும் செல்வதால் வண்டிக்கு அதைவிடக் கூடுதலாகவே ஆகும். ஆடி மாதத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. டெல்டாவில் மழை பெய்யாத நாள்களிலும் வாய்க்கால் நிறைய நீர் ஓடுகிற மாதம் இது. அந்த நீரில் பெரும்பங்கு, குடகு மலையில் பெய்யும் தென்மேற்குப் பருவமழையால் வருவது. ஆகவே மேலே போகப்போக வெயிலிலிருந்து மழைக்குள் நுழைந்துதான் ஆக வேண்டும். மழைக்கோட்டு, செயினுக்கு எண்ணெய், மாற்றுக் கிளட்ச் கேபிள், பஞ்சர் ஒட்டும் பை ஆகியவற்றைப் பின் இருக்கையில் கட்டியாயிற்று. இருட்டுவதற்கு முன் தங்குமிடம் சேர்ந்துவிட வேண்டும் என்பது மட்டுமே நான் வைத்துக்கொண்ட விதி.

பூம்புகாரில் காவிரி கடலைச் சேரும் இடம், ஆற்றின் பெயரை அறிந்து வருபவருக்கு வியப்பாக இருக்கும். சோழர்களின் துறைமுகம் இருந்த இந்த முகத்துவாரத்தில் ஆறு இன்று ஒரு வாய்க்கால் அளவுக்கே ஒடுங்கியிருக்கிறது. சற்று உள்ளே, மேலையூரில் கடையணை இருக்கிறது. காவிரிக்குக் குறுக்கே கடைசியாக இருக்கும் தடுப்பு அதுதான். அங்கே கரையோரம் நின்றிருந்த விவசாயி ஒருவரிடம் இந்த ஆண்டு நீர் எப்படி என்று கேட்டேன்.

“ஜூன் பன்னெண்டுல மேட்டூரத் தொறந்தாங்கன்னா, இங்க எட்டிப் பாக்கப் பத்துப் பன்னெண்டு நாளாவும் தம்பி. வாய்க்காலத் தூர் வாரியிருந்தா வெரசா வரும். இல்லாட்டி மேலேயே நின்னுரும்” என்றார்.

எத்தனை அடி, எவ்வளவு கன அடி என்ற கணக்கெல்லாம் அவர் பேச்சில் வரவே இல்லை. கடைமடையில் இருப்பவருக்கு நீர் என்பது ஒரு தேதி. அந்தத் தேதி தவறினால் குறுவை நெல் சாகுபடி தவறும்.

மயிலாடுதுறையில் ஆற்றங்கரை முழுவதும் பெண்கள் கூட்டம். வாழையிலையில் காப்பரிசியும் பழமும் வைத்து, காதோலை கருகமணியை ஆற்றில் விட்டு, மஞ்சள் கயிற்றை ஒருவருக்கொருவர் கட்டிவிட்டுக்கொண்டிருந்தார்கள். சிறுவர்கள் தெருவில் சப்பரம் இழுத்துப் போனார்கள். ஆறு வற்றிக் கிடந்த ஆண்டுகளில் குழாயடியிலும் குடத்து நீரிலும் இந்தப் படையலை முடித்த ஊர்கள் இவை. படித்துறையில் கால் நனைய நின்று கும்பிட முடிந்த மகிழ்ச்சி எல்லோர் முகத்திலும் தெரிந்தது.

கும்பகோணத்திலிருந்து சுவாமிமலை, கபிஸ்தலம் வழியாகத் திருவையாறு செல்லும் சாலையை வண்டி ஓட்டுபவர்கள் எவரும் தவறவிடக் கூடாது. ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் வாழையும் நெல்லும், தலைக்கு மேலே மர நிழல். சாலை குறுகலானது, எதிரே வரும் நகரப் பேருந்துக்கு ஒதுங்கி நின்றே செல்ல வேண்டும். தியாகராஜரின் சமாதி இருக்கும் திருவையாற்றுப் படித்துறையில் சிறிது நேரம் அமர்ந்துவிட்டு, திருக்காட்டுப்பள்ளி வழியாகக் கல்லணையை அடைந்தேன்.

கல்லணையில் நீண்ட நேரம் நின்றேன். கரிகாலன் பெயரோடு இணைத்துச் சொல்லப்படும் இந்த அணை, நீரைத் தேக்குவதற்காகக் கட்டப்பட்டதன்று. பிரித்து அனுப்புவதற்காகக் கட்டப்பட்டது. ஆற்று மணலில் பாறைகளை இறக்கி, அவை தம் எடையாலேயே புதைந்து நிலைகொள்ளும்படி செய்து, அதன்மேல் மேலும் பாறைகளைக் களிமண் சேர்த்து அடுக்கியிருக்கிறார்கள். 329 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் கொண்ட அந்த அடித்தளம் இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. மேலே இருக்கும் மதகுகளும் கதவுகளும் பிற்காலத்தவை. காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் ஆகிய மூன்றும் பாசனத்துக்கு நீரைக் கொண்டு செல்ல, வெள்ளம் வந்தால் கொள்ளிடம் அதை வாங்கிக்கொண்டு கடலுக்குப் போகும். மதகுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நடந்தபோது, டெல்டா முழுவதும் கைகளால் பகிர்ந்து கொடுக்கப்பட்ட நீரில் விளைந்தது என்பது கண்ணுக்கே தெரிந்தது. இரவு திருவரங்கத்தில் தங்கினேன். அம்மா மண்டபம் படித்துறையில் அகல் விளக்குகள் மிதந்துகொண்டிருந்தன.

ஆடி 19: முக்கொம்பு, குளித்தலை, கொடுமுடி, பவானி

காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் முக்கொம்பில், ஆர்தர் காட்டன் 1836ஆம் ஆண்டு மேலணையைக் கட்டத் தொடங்கினார். கொள்ளிடம் தாழ்வாக ஓடுவதால் காவிரியின் நீரெல்லாம் அதன்வழியே போய்விட, தஞ்சைப் பகுதி காய்ந்துகொண்டிருந்த காலம் அது. கல்லணையின் அடித்தளத்தைக் கண்டு கற்றதைக் கொண்டே மணலில் அணை எழுப்பும் துணிவு பெற்றதாகக் காட்டனே எழுதியிருக்கிறார். அந்த மேலணையின் 9 மதகுகள் 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் இடிந்து போயின. இப்போது பக்கத்திலேயே புதிய கதவணை நிற்கிறது.

திருச்சியிலிருந்து கரூர் செல்லும் நெடுஞ்சாலை ஆற்றின் தென்கரையை ஒட்டியே போகிறது. வாழைத் தோட்டங்களும் வெற்றிலைக் கொடிக்கால்களும் மாறி மாறி வருகின்றன. குளித்தலை அருகே ஆறு ஒரு கிலோமீட்டருக்கும் மேல் விரிந்து கிடப்பதால் இந்தப் பகுதியை அகண்ட காவிரி என்பார்கள். பூம்புகாரில் பார்த்த அதே ஆறுதான் இது என்பதை மனம் உடனே ஏற்கவில்லை. நதிகள் கடலை நெருங்க நெருங்கப் பெருகும் என்று படித்திருக்கிறோம். காவிரியோ வழிநெடுகத் தன்னைக் கொடுத்துக்கொண்டே போவதால் கடலருகே ஒடுங்கிவிடுகிறது.

மாயனூர் கதவணையைத் தாண்டியதும் பின்சக்கரத்தில் காற்று இறங்கியது. ஆணி ஒன்று ஏறியிருந்தது. பஞ்சர் கடைக்காரர் என் வண்டியில் கட்டியிருந்த மூட்டைகளைப் பார்த்துவிட்டு, “ஒத்தையிலயா போறீங்கண்ணே? மேட்டூருக்கு மேல டயரப் பாத்துக்குங்க, பாதி தேஞ்சிருச்சு. மழையில சறுக்கும்” என்று அக்கறையோடு சொன்னார். அவர் சொன்னபடியே ஈரோட்டில் பின்டயரை மாற்றிவிட்டேன். மழையை நோக்கிப் போகிறவருக்கு இதைவிட நல்ல அறிவுரை கிடைக்காது.

வடக்கிலிருந்து தெற்கு நோக்கி இறங்கிவரும் காவிரி கொடுமுடியில் கிழக்கே திரும்புகிறது. இங்கிருந்து நானும் வடக்கு நோக்கித் திரும்பினேன். மாலையில் பவானி கூடுதுறை. சங்கமேசுவரர் கோயிலின் படிகளில் நின்றால் பவானியும் காவிரியும் கலப்பதைக் காணலாம். இந்த இடத்துக்கு அருகிலேயே பவானி ஆற்றில் காலிங்கராயன் அணை இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்ட காலிங்கராயன் வாய்க்கால், நேராகப் போனால் சரிவு கூடி மண் அரிக்கும் என்பதால், வேண்டுமென்றே வளைந்து வளைந்து ஏறத்தாழ 90 கிலோமீட்டர் செல்கிறது. மஞ்சளும் கரும்பும் இன்றும் அதை நம்பியே விளைகின்றன. ஊருக்குள் ஜமக்காளம் நெய்யும் தறிச் சத்தம் முன்பைவிடக் குறைந்திருந்தது. கைத்தறியோ மின்தறியோ எதுவானாலும், இந்தத் தொழில் ஊரைவிட்டுப் போகாமல் இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

ஆடி 20: மேட்டூர், ஒகேனக்கல்

பவானியிலிருந்து அம்மாபேட்டை, நெருஞ்சிப்பேட்டை வழியாக மேட்டூர் செல்லும் சாலை, மலைக்கும் ஆற்றுக்கும் இடையே போகிறது. ஊராட்சிக்கோட்டை, கோனேரிப்பட்டி, நெருஞ்சிப்பேட்டை, செக்கானூர் என்று மின்சாரம் எடுப்பதற்கான கதவணைகள் அடுத்தடுத்து வருவதால், ஆறு இங்கே ஓடுவதைவிடப் படிப்படியாக நிற்கிறது என்பதே பொருத்தம்.

மேட்டூர் அணை 1925இல் தொடங்கி 1934இல் முடிக்கப்பட்டது. அணையை வடிவமைத்தவர் எல்லிஸ் என்னும் பொறியாளர். அவர் பெயரில்தான் 16 கண் மதகுப் பாலம் உள்ள உபரிநீர்ப் போக்கி இன்றும் அழைக்கப்படுகிறது. முழுக் கொள்ளளவு 93.47 டிஎம்சி, ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி. ஆனால் ஊருக்குள் எவரும் கொள்ளளவைப் பற்றிப் பேசுவதில்லை. தேநீர்க் கடையில் என் பக்கத்தில் அமர்ந்திருந்தவர்கள் “இன்னைக்கு நூத்திப் பதினெட்டு” என்று சொல்லிக்கொண்டார்கள். முழு அளவான 120 அடிக்கு இன்னும் இரண்டே அடி. கடைமடையில் தேதியாக இருந்த நீர் இங்கே அடியாகிவிட்டது. தஞ்சையிலும் நாகையிலும் செய்தித்தாளைத் திறந்ததும் முதலில் தேடிப் படிக்கப்படும் எண் இதுதான்.

இந்த நீர்த்தேக்கத்துக்குள் ஊர்கள் மூழ்கியிருக்கின்றன. நீர் நன்றாக வற்றும் ஆண்டுகளில் பண்ணவாடிப் பக்கம் ஜலகண்டேசுவரர் கோயில் நந்தியும் பழைய தேவாலயத்தின் கோபுரமும் வெளியே தெரியும். இப்போது எதுவும் தெரியவில்லை. கரையைத் தொட்டு அலை அடித்துக்கொண்டிருந்தது. டெல்டாவின் வயல்களுக்காகத் தம் நிலத்தைக் கொடுத்தவர்களின் பிள்ளைகளும் பேரன்களும் இந்த வட்டாரத்தில்தான் இருக்கிறார்கள். கீழே இருக்கும் நாங்கள் அவர்களை நினைப்பதே இல்லை. நினைக்க வேண்டும்.

மேச்சேரி, பென்னாகரம் வழியாக ஒகேனக்கல்லுக்கு இறங்கினேன். வெள்ளம் மிகுந்திருந்ததால் குளிக்கவும் பரிசல் இயக்கவும் மாவட்ட நிர்வாகம் தடை விதித்திருந்தது. ஐந்தருவிப் பாறைகள் இருந்த இடமே தெரியாமல் செந்நிற நீர் மூடியிருந்தது. எண்ணெய் தேய்த்துவிடுபவர்களும் பரிசல் ஓட்டிகளும் மீன் வறுக்கும் பெண்களும் கடைகளின் நிழலில் அமர்ந்திருந்தார்கள். “தண்ணி வந்தா ஊருக்கே நல்லதுதான் சார். எங்களுக்குத்தான் அடுப்பு எரியாது” என்றார் பரிசல் ஓட்டும் ஒருவர். அவர் குறை சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னார். மீன் வறுவலும் சோறும் சாப்பிட்டுவிட்டுப் பென்னாகரத்துக்குத் திரும்பி அறை எடுத்தேன்.

ஆடி 21: அஞ்செட்டி, கனகபுரா, சிவனசமுத்திரம்

ஒகேனக்கல்லிலிருந்து நாட்றாம்பாளையம், அஞ்செட்டி வழியாகத் தேன்கனிக்கோட்டை செல்லும் காட்டுச் சாலை, யானைகள் நடமாடும் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயத்தின் ஊடாகப் போகிறது. பகல் நன்றாக ஏறிய பிறகே கிளம்பினேன். வேகத்தைக் குறைத்து, ஒலிப்பானைத் தொடாமல், வளைவுகளில் முன்னே என்ன நிற்கிறது என்று பார்த்தபடி ஓட்ட வேண்டிய சாலை இது. தனியாகச் செல்பவர் இங்கே படம் எடுக்க வண்டியை நிறுத்த வேண்டாம்.

இந்த வட்டாரத்தில்தான் பிலிகுண்டுலு இருக்கிறது. மத்திய நீர் ஆணையம் இங்கே ஆற்றின் ஓட்டத்தை அளக்கிறது. 1990இல் அமைக்கப்பட்ட காவிரி நடுவர் மன்றம் 2007 பிப்ரவரி 5 அன்று இறுதித் தீர்ப்பை வழங்கியது. அதைத் திருத்தி உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16 அன்று அளித்த தீர்ப்பின்படி, சராசரி நீர் வரத்துள்ள ஆண்டில் கர்நாடகம் 177.25 டிஎம்சி நீர் பிலிகுண்டுலுவைக் கடந்து செல்ல விட வேண்டும். மாதந்தோறும் எவ்வளவு என்பதும் அட்டவணையாக வகுக்கப்பட்டிருக்கிறது. இத்தனை ஆண்டு வழக்கு, பந்த், ஊர்வலம், பேச்சுவார்த்தை எல்லாம் கடைசியில் ஒரு காட்டுக்குள் நின்று நீரை அளக்கும் சிலரது பதிவேட்டில் வந்து முடிகின்றன. நொடிக்கு எத்தனை கன அடி என்பது இங்கே நீரின் அலகு.

தளி வழியாக எல்லையைக் கடந்து கனகபுரா, மளவள்ளி என்று ஓட்டி, மாலையில் சிவனசமுத்திரம் சேர்ந்தேன். காவிரி இரண்டாகப் பிரிந்து இந்தத் தீவைச் சுற்றி, ககனசுக்கி, பரசுக்கி என்ற இரு அருவிகளாக விழுகிறது. எதிர்க்கரை மேடையில் நின்றால் ககனசுக்கியின் முழு அகலமும் தெரிகிறது. சாரல் அங்கே வரை வந்து தலைக்கவசத்தின் கண்ணாடியை மூடியது. மைசூர் அரசு 1902இல் இங்கே நீர்மின் நிலையம் அமைத்து, ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோலார் தங்கச் சுரங்கங்களுக்கு மின்சாரம் அனுப்பியது. அந்தக் காலத்தில் அவ்வளவு தொலைவுக்கு மின்சாரம் கொண்டுசெல்வது உலக அளவிலேயே பெரிய முயற்சி. பெங்களூரின் தெருவிளக்குகள் 1905இல் எரிந்ததும் இந்த நீரால்தான்.

ஆடி 22: திருமகூடலு நரசிபுரா, ஸ்ரீரங்கப்பட்டணம், கிருஷ்ணராஜ சாகரம்

காவிரி மூன்று இடங்களில் தீவை உண்டாக்கி, மூன்றிலும் அரங்கனைக் கிடத்தியிருக்கிறது. ஸ்ரீரங்கப்பட்டணம் ஆதி ரங்கம், சிவனசமுத்திரம் மத்திய ரங்கம், திருவரங்கம் அந்திய ரங்கம். ஆற்றோடு செல்பவர் முறையாக வணங்கிப் போகலாம். நான் கடைசியிலிருந்து முதலுக்குப் போகிறேன்.

கபினி வந்து கலக்கும் திருமகூடலு நரசிபுராவைக் கடந்து மண்டியாப் பக்கம் சற்று விலகிச் சென்றேன். விசுவேசுவரய்யா கால்வாயின் பாசனத்தில் கண்ணுக்கெட்டிய வரை கரும்பு. சாலையோரத்தில் வெல்லம் காய்ச்சும் ஆலைமனை ஒன்றில் வண்டியை நிறுத்தினேன். முதலாளி என் வண்டியின் தமிழ்நாட்டு எண் பலகையைப் பார்த்தார். 1991லும் 2016லும் காவிரிக் கலவரங்களின்போது இதே சாலைகளில் தமிழ்நாட்டு வண்டிகளுக்கு என்ன நேர்ந்தது என்பது எனக்கு நினைவிருந்தது, அவருக்கும் இருந்திருக்கும். “தஞ்சாவூரா, அண்ணா?” என்று கன்னடத்தில் கேட்டார். அந்தப் பக்கம்தான் என்றேன். சூடான வெல்லத்தைக் கரண்டியில் எடுத்து இலையில் வைத்துக் கொடுத்துவிட்டு, உங்கள் ஊரில் எத்தனை போகம் என்று விசாரித்தார். குறுவை, சம்பா, தாளடி என்று எனக்குத் தெரிந்த கன்னடத்தில் விளக்கினேன். அணை நிரம்பாத ஆண்டில் கால்வாயை முறை வைத்துத் திறக்கிறார்கள் என்றும், அப்போது கரும்பு பாதியிலேயே காய்ந்துவிடும் என்றும் அவர் சொன்னார். காலையில் எழுந்ததும் கைப்பேசியில் முதலில் பார்ப்பது கேஆர்எஸ், அதாவது கிருஷ்ணராஜ சாகர அணையின் நீர்மட்டம் என்று சொல்லி அன்றைய எண்ணைக் காட்டினார். 124 அடியைத் தாண்டியிருந்தது. தஞ்சையில் இருப்பவர் மேட்டூரைப் பார்ப்பது போலவே இவர் கேஆர்எஸ்ஸைப் பார்க்கிறார். இருவர் கேட்பதும் நியாயமானது; பற்றாக்குறை ஆண்டில் அதை எப்படிப் பங்கிடுவது என்பதை மழை நன்றாகப் பெய்யும் ஆண்டுகளிலேயே பேசித் தீர்த்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கோட்டைச் சுவரும், 1799 மே 4 அன்று திப்பு சுல்தான் வீழ்ந்த இடமும், ரங்கநாதர் கோயிலும் நடந்தே போகும் தொலைவில் இருக்கின்றன. அங்கிருந்து கிருஷ்ணராஜ சாகரம். 1911இல் பணி தொடங்கியபோது தலைமைப் பொறியாளராக இருந்தவர் விசுவேசுவரய்யா. சிமெண்டுக்குப் பதிலாகச் சுண்ணாம்பும் செங்கற்பொடியும் கலந்த சுர்க்கிக் காரையால் கட்டிய அணை இது. கொள்ளளவு 49.45 டிஎம்சி, மேட்டூரில் ஏறத்தாழப் பாதிதான். இதே ஆற்றில் இங்கே அணை கட்டத் திப்பு எண்ணியதைச் சொல்லும் பாரசீகக் கல்வெட்டும் அணைப் பகுதியில் வைக்கப்பட்டிருக்கிறது. பாதுகாப்புக் காரணமாக அணையின் மேலே செல்ல அனுமதி இல்லை. கீழிருந்து பார்த்தபோது மதகுகள் வழியே வெள்ளை நீர் கொட்டியது. இன்னும் சில நாளில் இது மேட்டூருக்குள் போயிருக்கும்.

ஆடி 23: குசால்நகர், மடிக்கேரி

ஹுன்சூரைத் தாண்டியதும் வானம் மூடியது. பைலகுப்பேயில் திபெத்தியக் கோயிலின் வாசலில் மழைக்கோட்டை மாட்டினேன். அதன்பின் கழற்றவே இல்லை. குசால்நகரில் பாலத்தை முட்டிக்கொண்டு ஆறு ஓடியது. அதற்கு மேல் மலைச்சாலை, காப்பித் தோட்டம், மூடுபனி, எதிரே விளக்கெரிய வரும் லாரிகள் மட்டுமே. புது டயர் தார்ச்சாலையை நன்றாகப் பற்றியது.

மடிக்கேரியில் நான் தங்கிய வீட்டுக்காரர் முதியவர். சிறிய காப்பித் தோட்டம் வைத்திருக்கிறார். முற்றத்தில் மழைமானி ஒன்று இருந்தது. நாள்தோறும் காலையில் அதைப் பார்த்து நோட்டில் எழுதுவது அவர் தந்தை காலத்திலிருந்து தொடரும் வழக்கமாம். “பூ பூக்கும்போது பங்குனி சித்திரையில் ஓர் அங்குலம் போதும் ஐயா. அது தப்பினால் ஆடியில் எத்தனை அங்குலம் பெய்தாலும் காப்பிக்குப் பயன் இல்லை” என்று, தமிழும் கன்னடமும் கலந்து சொன்னார். மலை உச்சியில் நீர் அங்குலமாகிவிட்டது. அவர் நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். கடைமடையில் குறுவை பொய்த்த ஆண்டுகள் சில, அதில் மெலிந்த எண்களாக எழுதப்பட்டிருந்தன.

ஆடி 24: பாகமண்டலா, தலைக்காவிரி

மடிக்கேரியிலிருந்து பாகமண்டலாவுக்கு நாற்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. வழியில் முறிந்த மரக்கிளைகளை இளைஞர்கள் வெட்டி அப்புறப்படுத்திக்கொண்டிருந்தார்கள். காவிரியும் கன்னிகையும் கண்ணுக்குத் தெரியாத சுஜ்யோதியும் கூடும் திரிவேணி சங்கமம் பாகமண்டலாவில் இருக்கிறது. படித்துறை முழுவதும் நீருக்கு அடியில் இருந்ததால் பாகண்டேசுவரர் கோயிலில் மட்டும் வணங்கிவிட்டு மேலே ஏறினேன்.

கடைசி எட்டு கிலோமீட்டர் ஏற்றத்தில் மழை கிடைமட்டமாக அடித்தது. முதல், இரண்டாம் கியரிலேயே வண்டி ஏறியது. 2020 ஆகஸ்டில் இதே பிரம்மகிரிச் சரிவில் மண் சரிந்து, தலைக்காவிரிக் கோயில் அர்ச்சகரும் அவரது வீட்டில் இருந்தவர்களும் உயிரிழந்தார்கள். சரிவில் அந்த இடம் இன்னும் அடையாளம் தெரிகிறது. மலை அறுக்கப்படுவதும் காடு குறைவதும் இங்கே மட்டும் கவலைப்பட வேண்டிய செய்திகள் அல்ல. மேலையூர்க் கடையணை வரைக்கும் அவை வந்து சேரும்.

தலைக்காவிரி கடல் மட்டத்திலிருந்து 1276 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குண்டிகை என்று சொல்லப்படும் ஒரு சிறு ஊற்றுத் தொட்டி, அதன் முன்னே ஒரு குளம், படிக்கட்டு. ஐப்பசி பிறக்கும் துலா சங்கராந்தி அன்று இந்தக் குண்டிகையில் நீர் பொங்கி எழுவதைக் காணப் பெருங்கூட்டம் கூடும். இன்று நானும் குடகுக் குடும்பம் ஒன்றும் மட்டுமே இருந்தோம். குளத்திலிருந்து ஆறாக எதுவும் ஓடவில்லை. நீர் மண்ணுக்குள் இறங்கிச் சற்றுக் கீழே வெளிப்படுகிறது. இந்த மலைமுகட்டின் மேற்குச் சரிவில் விழும் மழை அரபிக்கடலுக்குப் போகிறது. கிழக்கே விழுவது மட்டுமே காவிரியாகிறது. மழை எந்தப் பக்கம் விழுகிறது என்பதை நின்ற இடத்திலிருந்து பிரித்துப் பார்க்க முடியவில்லை.

இறங்கி வரும்போது பாகமண்டலாவில் மேம்பாலத்தைக் கவனித்தேன். வெள்ளத்தில் ஆண்டுதோறும் ஊர் துண்டிக்கப்படுவதால் கட்டப்பட்டது அது. பிறந்து எட்டு கிலோமீட்டரிலேயே மேம்பாலம் தேவைப்படும் அளவுக்கு இந்த ஆற்றுக்கு மழை கிடைக்கிறது.

நாளை விராஜ்பேட்டை, குட்டா வழியாக வயநாட்டுக்குள் இறங்குகிறேன். தீர்ப்பில் கேரளத்துக்கு ஒதுக்கப்பட்ட 30 டிஎம்சியில் 21 டிஎம்சி கபினிப் படுகைக்கு உரியது. கபினியின் நீரையும் மேட்டூர் வாங்கிக்கொள்கிறது என்பதால், அதன் கரையையும் பார்த்துவிட்டே ஊர் திரும்புவேன். செயினுக்கு எண்ணெய் விட்டாயிற்று. காலணி மட்டும் அடுப்படியில் காய்கிறது.